ஆத்தோரம் டீ குடிக்கத் தாய்லாந்தா பேராண்டி?

பேராண்டி, தாய்லாந்துக்குத் தாராளமா போயிட்டு வா. நான் குறுக்க நிக்க மாட்டேன். திருச்சியில ஏறினா நேரா பாங்காக்குல எறங்கிடலாமாம். 2023 நவம்பர்லேர்ந்து நம்ம ஆளுங்களை விசா கேக்காமலே உள்ள விட ஆரம்பிச்சிட்டானாம். ஜெயங்கொண்டத்துல பஸ்ஸுக்கு நின்னு, கும்மோணம் போயி, மாமன் வீட்டுல தலையைக் காட்டிட்டு நான் திரும்புறதுக்குள்ள நீ அங்க எறங்கி மொகம் கழுவியிருப்ப. காலம் அப்படி. இதுல கெழவனுக்கு என்னா வருத்தம்?

அங்க போயி என்னா பண்ணப் போறன்னும் விசாரிச்சு வெச்சிருக்கேன். பாங்காக்குலேர்ந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி அயுத்தயான்னு ஒரு ஊரு. காலையில ரயிலேறிப் போயி பொழுதுசாயத் திரும்பிடலாம். சாவ் பிரயா, பா சாக், லோப்புரின்னு மூணு ஆறு அந்த ஊரைச் சுத்தி வளைச்சுக் கெடக்கு. 1350லேர்ந்து நானூறு வருசத்துக்கு மேல அதுதான் அவங்களுக்குத் தலைநகரம். 1767ல பர்மாக்காரன் வந்து கொளுத்திட்டுப் போயிட்டான். மிச்சம் நிக்குறது செங்கல் கோபுரமும் தலை போன புத்தர் சிலையுந்தான். அந்த இடிபாட்டைப் பாத்தாப்புல ஆத்தோரமா கஃபே வெச்சிருக்கான். கண்ணாடிச் சுவரு, மர நாற்காலி, தொட்டியில செடி. நீ போயி உக்காருவ. கண்ணாடி டம்ளரு நெறைய ஐஸைப் போட்டு, செவசெவன்னு ஒரு டீ வரும். குடிக்க மாட்ட. அதைத் தூக்கி ஆத்துக்கு நேராப் புடிச்சுப் படம் எடுப்ப. வெளிச்சம் சரியில்லன்னு எடம் மாறி உக்காந்து இன்னொரு படம். ஐஸு பூரா கரைஞ்சு டீ வெறுந்தண்ணியா ஆனப்புறம் ரெண்டு வாய் உறிஞ்சிட்டு, 'செம வைப்'னு எழுதிப் போடுவ. எரநூத்துச் சொச்சம் ரூவா அதோட முடிஞ்சுது.

உங்க அப்பாயி என்னைக் கேட்டா: "அவன் ஆறு பாக்கப் போறானா, டீ குடிக்கப் போறானா?" ரெண்டும் இல்லடி, போனதை நாலு பேரு பாக்கணும்னு போறான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

கோவிச்சுக்காத. ஆனா பாரு, பொண்ணு பாக்கப் போறவன்கூட வீட்டுக் கண்ணாடியில ஒருதரம் தலையைச் சீவிட்டுத்தான் கெளம்புவான். நீயும் விமானம் ஏறுறதுக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கெழமை ஒத்திகை பாத்துடு. பாஸ்போர்ட்டு வேணாம். இடிஞ்ச தலைநகரம் வேணுமா? நம்மகிட்ட இருக்கு. ஆறு வேணுமா? இருக்கு. ஆத்தோரத்துல டீ? அதுவும் இருக்கு. அதுல மட்டும் எனக்கு ஒரு மனக்கொறை உண்டு, அணைக்கரை வந்ததும் சொல்றேன்.

பெரம்பலூர்ல காலையில வண்டியை எடுத்தா அரியலூர் வழியாத்தான் போவணும். சுண்ணாம்புக்கல்லு லாரி ரெண்டு எதுக்க வந்து உன் மூஞ்சிக்கு இலவசமா பவுடரு போட்டு அனுப்பும். தொடைச்சுக்க. கடலோரக் கஃபேதான் வேணும்னு அடம் புடிக்கிறவனுக்கும் அரியலூர்ல வசதி உண்டு. என்ன, ஏழெட்டுக் கோடி வருசம் லேட்டு. நம்ம சிமெண்டு ஆலைங்க வெட்டுற கல்லு பூரா அந்தக் காலத்துக் கடலடி. நத்தை, சிப்பி, அம்மோனைட்டுன்னு கல்லாப் போனதையெல்லாம் வாரணவாசியில அருங்காட்சியகம் கட்டி அடுக்கியிருக்காங்க. கடலு கெளம்பிப் போச்சு, எடம் சும்மா கெடக்குதேன்னு நாம கொழாய்ப் புகை விட்டுட்டோம்.

அப்புறம் ஜெயங்கொண்டம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம், நான் சொன்ன இடிஞ்ச தலைநகரம். அயுத்தயாவுக்கு யுனெஸ்கோ 1991ல பாரம்பரியப் பட்டம் குடுத்தா, இங்க இருக்குற கோயிலுக்கு 2004ல குடுத்துது. வாசல்ல நின்னு ராஜேந்திர சோழனுக்கு ஒரு கும்புடு போட்டுடு, ஏன்னா உனக்கு முந்தி அந்தச் சீமைக்கு டிக்கெட்டு எடுத்தவன் அவன். 1025 வாக்குல கப்பலை அனுப்பிக் கடாரத்தை அடிச்சான். அவன் மெய்க்கீர்த்தியில வர்ற இலங்காசோகமும் தலைத்தக்கோலமும் இன்னைய தாய்லாந்தோட தெக்குப் பக்கம்னு ஆராய்ச்சிக்காரங்க பல பேரு சொல்றாங்க. அவனுக்கு முந்தி, பல்லவர் காலத்துலயே நம்ம யாவாரிங்க அங்க போயி வந்திருக்காங்க. தகுவாபான்னு ஒரு எடத்துல தமிழ்க் கல்வெட்டே கெடைச்சிருக்கு. அதுல என்னா எழுதியிருக்கு தெரியுமா? அவனிநாரணம்னு பேரு வெச்சு ஒரு குளம் வெட்டுன சேதி. குளத்தை மணிக்கிராமம்ங்குற யாவாரிக் கூட்டத்தோட காவல்ல விட்டாங்களாம். கடல் தாண்டிப் போன எடத்துல அவன் குளம் வெட்டிட்டு வந்தான். நீ குளத்துக்கு முன்னால நின்னு ரெண்டு வெரலைக் காட்டிட்டு வரப் போற. போவட்டும், தலைமுறை எறங்க எறங்க வேலையும் கொறையத்தானே செய்யும்.

உள்ள போயி கோயிலைச் சுத்தி வர்றப்ப ஒண்ணு கவனி. இம்மாம் பெரிய கோயிலுக்கு அதுக்கேத்த மதிலு எங்கடான்னு தோணும். அயுத்தயாவை இடிச்சவன் சண்டைக்கு வந்த பர்மாக்காரன். நம்ம மதிலை எடுத்தவன் தண்ணி தர வந்த வெள்ளைக்காரன். 1836ல ஆர்தர் காட்டன் காலத்துல அணைக்கரையில கொள்ளிடத்துக்குக் குறுக்க கீழணை கட்டுனப்ப, கல்லுக்கு எங்க போறதுன்னு யோசிச்சு, கோயில் மதிலைப் பேத்து அள்ளிட்டுப் போனாங்க. ஊரு சனம் மல்லுக்கட்டிப் பாத்திருக்கு. பதிலுக்குச் செங்கல்லுல மதில் கட்டித் தரோம்னு சொல்லி வாயை அடைச்சாங்க. சொன்னதோட சரி. ஆக, ராஜேந்திரன் கல்லு பாதி இங்க நிக்குது, மீதி ஆத்துக்குள்ள தண்ணியைத் தாங்கிட்டு நிக்குது. ரெண்டையும் பாத்தாத்தான் தரிசனம் முடிஞ்ச கணக்கு. கெளம்பு அணைக்கரைக்கு.

அணைக்கரையில கொள்ளிடம் ரெண்டு கையாப் பிரியும். நடுவுல திட்டு. ரெண்டு பக்கமும் அணை, அணை மேலயே குறுகலா ஒரு பாலம். மழைக்காலத்துல அங்க நின்னு பாத்தா கதவிடுக்குல தண்ணி சீறிட்டுப் போறது காலுக்கடியில அதிரும். இங்கேர்ந்து வடவாறு வழியா வீராணத்துக்குத் தண்ணி போவுது, வீராணத்துலேர்ந்து கொழாயில சென்னைக்கு. நீ சென்னையில காசு குடுத்துப் புடிக்குற கேன் தண்ணிக்குக்கூட இந்த ஊரு சொந்தமா இருக்கலாம், யாரு கண்டா.

டீக்குத் தேட வேணாம். ரோட்டோரமா கூரையும் தகரமுமா கடை இருக்கும். பாய்லருக்கு விபூதிப் பட்டையும் குங்குமமும் வெச்சிருப்பாங்க. பாய்லருக்குள்ள ஒரு காசு போட்டிருந்தா அது கொதிக்கிற தண்ணியில கடகடன்னு ஆடும், அந்தச் சத்தத்தைக் கேட்டே மாஸ்டரு உள்ள இருக்குற நெலவரத்தைத் தெரிஞ்சுக்குவாரு. உன் கஃபேக்காரன் மாதிரி மீட்டரைக் குனிஞ்சு பாக்குற வேலை இல்ல. டிக்காஷன் பையை ஒரு அமுக்கு, பாலு ஒரு கரண்டி, சர்க்கரையை அடியில தட்டி, கைக்கும் கைக்கும் ஒரு முழம் எடைவெளி விட்டு நாலு ஆத்து ஆத்தி, நொரை கிளாஸுக்கு மேல நிக்க டக்குன்னு பலகையில வெப்பாரு. வடையைத் தினத்தாள்ல வெச்சு அழுத்தினா எண்ணெய் பூரா தலையங்கத்துக்குப் போயிடும்.

இப்ப என் மனக்கொறையைச் சொல்றேன். டீயை வாங்கிட்டு நீ எங்க உக்காருவ? பெஞ்சு பூரா ரோட்டைப் பாத்துக் கெடக்கும். முன்னால கும்மோணம் பஸ்ஸு, மணல் லாரி, கரும்பு டிராக்டரு. முதுகுக்குப் பின்னால தட்டி. தட்டிக்குப் பின்னால காலி சாக்கு, ஒடைஞ்ச பிளாஸ்டிக் கொடம், டீத்தூள் சக்கை. அதுக்கும் பின்னால கொள்ளிடம்! ஆத்தோரத்துல கடையை வெச்சுட்டு ஆத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கோம். காவேரிக் கரையை விட்டா நம்ம ஊருல எந்த ஆத்தோரம் போனாலும் இதே லட்சணம்.

கடைக்காரங்களையும் நூத்துக்கு நூறு குத்தம் சொல்ல முடியாது. தாய்லாந்துல அந்தக் காலத்துல ஆறுதான் ரோடு. படகுலதான் யாவாரம். அம்பவான்னு ஒரு ஊருல இன்னைக்கும் வாரக் கடைசியில பொம்பளைங்க படகுலயே அடுப்பு மூட்டி மீன் சுட்டுக் குடுக்குறாங்க. ஆளு தண்ணியில வந்தா கடை வாசலும் தண்ணியைப் பாத்துத்தானே இருக்கும்? நம்ம ஆளு பஸ்ஸுல வர்றான், வாசல் பஸ்ஸைப் பாக்குது. அதோட அவங்க ஆறு வருசம் பூரா தளும்புது. கொள்ளிடம் அப்படியா? அதுக்கு மிச்சந்தான் படியளப்பு. மேட்டூரு நெரம்பி வழிஞ்சா, முக்கொம்புல காவேரி போவ மீதியை இதுல தள்ளுவாங்க. அந்தக் கொஞ்ச நாளைக்குக் கரை முட்ட ஓடும். மத்த மாசமெல்லாம் மணலு, நாணலு, மேயுற மாடு. காசு குடுத்து மணலைப் பாக்க எவன் வருவான்னு கடைக்காரன் கேட்டா என்கிட்ட பதிலு இல்ல. அதனால ஆடிக்கு மேல, மேட்டூரு நெரம்புச்சுன்னு டி.வி.யில சொன்னப்புறம் கெளம்பு.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லாம சொல்றேன். படம் எடுக்குறேன்னு தண்ணிக்குள்ள எறங்காத. அணைக்கரைப் பக்கம் முதலை நெசமாவே கெடக்கு. கதவைத் தெறந்தா தண்ணி சொல்லிட்டு வராது. வத்திக் கெடக்குற ஆறுதானேன்னு இளப்பமா நெனைக்கப்படாது. நம்ம மருதையாறு வருசத்துல பாதி நாளு கோமணத்துணி அகலங்கூட இருக்காது. அதுதான் 1956 நவம்பர் 23ல பாலத்தைப் பேத்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸையே கவுத்து, நூத்துக்கும் மேல உசுரைக் கொண்டுபோச்சு. டெல்லியில லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியைத் தூக்கி வெச்சிட்டுப் போனாரு.

அணைக்கரை தூரம்னு சொன்னா திருமானூருக்குப் போ. பாலத்துல நின்னா கொள்ளிடம் மொத்தமும் தெரியும், தாண்டினா திருவையாறு, அங்க அசோகா அல்வா. பங்குனியில போனா பக்கத்துல திருமழபாடியில நந்தி கல்யாணம் நடக்கும். அதைப் பாத்தா முந்திக் கல்யாணம் ஆவும்னு ஊருல சொல்லுவாங்க. முப்பத்தி ரெண்டு வயசுல பாங்காக்குக்குத் தனி டிக்கெட்டு போடுறவன் அதையும் ஒரு எட்டு பாத்து வெக்கலாம். மார்கழி, தையில கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருது. 2024ல அந்த ஏரிக்கு ராம்சார் ஈரநிலப் பட்டம் கெடைச்சுது. வெளிநாட்டுக்காரனே செலவு பண்ணி இங்க வர்றான், கவனிச்சுக்க.

"தாத்தா, இதெல்லாம் அரியலூரு, எங்க பெரம்பலூர்ல என்னா இருக்கு"ன்னு கேப்ப. 2001ல மாவட்டத்தை ஒருதரம் பிரிச்சு, மறுவருசம் சேத்து, 2007ல மறுபடி பாகம் பிரிச்சப்ப ஆறு அரியலூருக்குப் போச்சு, ரோடு பெரம்பலூருக்கு நின்னுச்சு. திருச்சி–சென்னை நாலுவழிச் சாலை என்னைக்கும் வத்தாது. கும்மோணம் போவாமலே கும்மோணம் டிகிரி காபியை அதோட கரையில பித்தளை டபராவுல குடிக்கலாம். அதுலயும் தண்ணி ஆசை அடங்கலைன்னா விசுவக்குடி அணைக்குப் போ, பச்சைமலை பக்கத்துலயே நிக்கும். டீயை மட்டும் பிளாஸ்குல எடுத்துட்டுப் போ.

கடைசியா, இது பேராண்டிக்கு இல்ல, அணைக்கரையிலயும் திருமானூர்லயும் டீக்கடை வெச்சிருக்கிற மவராசனுங்களுக்கு. பின்பக்கத் தட்டியில ஒரு ஆளு நொழையுற அளவு வழி விடுங்க. அந்தச் சாக்கையும் ஒடைஞ்ச கொடத்தையும் அப்புறப்படுத்திட்டு, ரெண்டே ரெண்டு பெஞ்சை ஆத்தைப் பாக்கப் போடுங்க. கண்ணாடிச் சுவரு வேணாம், தொட்டிச்செடி வேணாம். டீ வெலையையும் ஏத்தாதீங்க. ஏத்தித்தான் ஆவணும்னா தாய்லாந்து போயிட்டு வந்தவனுக்கு மட்டும் ஏத்துங்க, அவன் குடுத்துப் பழகினவன்.