திருவாளர் குட்மார்னிங்

திருமங்கலத்திலிருந்து மேலூர் வரை, மதுரையைச் சுற்றியுள்ள எந்தப் பொறியியல் கல்லூரி செமினார் ஹாலுக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். இறுதியாண்டு மாணவர். அயர்ன் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. அண்ணன் ரிசப்ஷனுக்கு வாங்கிய டை. மைக்கை மூன்று தட்டுத் தட்டி, "ஆம் ஐ ஆடிபிள்?" என்பார். மாட்டுத்தாவணி வரை கேட்டிருக்கும்.

பிறகு குட்மார்னிங் ஆரம்பமாகும். "ரெஸ்பெக்டட் பிரின்சிபால், ஹெச்.ஓ.டி., டிக்னிட்டரீஸ் ஆன் த டயஸ், ஆஃப் த டயஸ்..." கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேர் விட்டுப்போனால் வரும் சண்டைக்குப் பயந்தவர் மாதிரி, லேப் அசிஸ்டென்ட் வரை ஒருவரையும் விடமாட்டார். அடுத்து, இந்த வொண்டர்ஃபுல் ஆப்பர்ச்சூனிட்டிக்காக நிர்வாகத்துக்கு நன்றி. அடுத்து, கலாம் பொன்மொழி. கலாம் சொன்னது பாதி, இவராகச் சேர்த்தது மீதி. எல்லாம் முடிந்து, "வித்தவுட் வேஸ்டிங் யுவர் டைம்" என்று செருமுவார். கொடுத்த பத்து நிமிஷத்தில் ஆறு போயிருக்கும்.

1893 செப்டம்பரில் சிகாகோ மேடையில் விவேகானந்தர் சகோதரிகளே, சகோதரர்களே என்று விளித்ததற்கே அரங்கம் எழுந்து கைதட்டிய கதையை இவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தப் பயணத்துக்குத் தூண்டுகோலாக இருந்த ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியை விவேகானந்தர் சந்தித்தது மதுரையில்தான். ஆக, ஊர்ப் பாத்தியதை உண்டு! ஒருநாள் இரு கையையும் விரித்து, "சிஸ்டர்ஸ் அண்ட் பிரதர்ஸ் ஆஃப் திருமங்கலம்!" என்று நிறுத்தினார். கைதட்டலுக்குக் காத்திருந்தார்.

"மாப்ள, மறந்துட்டியாடா?" என்றது கடைசி பெஞ்சு.

ஆளைக் குறைத்து எடைபோட வேண்டாம். நீர்நிலைகளில் மண்டும் ஆகாயத்தாமரையை அள்ளும் மிதவை இயந்திரம்தான் ப்ராஜெக்ட். டீக்கடையில் வைத்துக் கேளுங்கள்:

"அண்ணே, ஆகாயத்தாமர இருக்குல்ல, அள்ளுனது போக மிச்சம் கெடக்குறது ரெண்டே வாரத்துல ரெண்டு மடங்காயிரும்ணே. ஜேசிபிய கரையில நிறுத்தி எம்புட்டுத்தான் அள்ளுவாய்ங்க? நாங்க தண்ணிக்குள்ளயே போயி அள்ளுறதுக்கு ஒண்ணு செஞ்சிருக்கோம்."

டீ மாஸ்டர் பாய்லரை மறந்துவிட்டு, "சரி தம்பி, அள்ளுனத எங்க கொட்டுவ?" என்றார். ஐ.ஐ.டி. பேராசிரியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இதையே தெரிந்த இங்கிலீஷில், தட்டுத்தடுமாறிச் சொன்னாலும் ஹால் நிமிர்ந்து உட்காரும். சொல்லமாட்டார். "கெத்தா இருக்காதுண்ணே" என்பார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. முடிவு அறிவிக்க எழுந்த நடுவர், "வித்தவுட் டேக்கிங் மச் டைம்" என்று தொடங்கி இருபது நிமிஷம் பேசினார். இயந்திரத்தைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. நம்மவருக்கு 'பெஸ்ட் ஸ்பீக்கர்' பரிசு.