பங்கு கேட்காத பெருந்தகைக்கு

அவிநாசி சாலையில் அனுப்பர்பாளையம் வரை வந்து, பனியன் கம்பெனி ஆபீஸ்களில் ஏறி இறங்கி, கட்டிய வருமான வரியைத் திருப்பி வாங்கித் தருகிற பெருந்தகையே, உங்களைப் போற்றியே ஆக வேண்டும். ஆடிட்டர் முதலில் ஃபீஸ் கேட்பார். நீங்கள் கேட்பதில்லை. ரீபண்டு கணக்கில் ஏறிய பிறகு அதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பழைய வரிமுறையில் கணக்குக் காட்டும் ஒரு மெர்ச்சண்டைசர் தம்பியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். "எட்டாயிரமாச்சும் வருமுங்களாண்ணா?" என்று அவர் தயங்கிக் கேட்டால், "ஐம்பதுக்குப் பக்கமா வாங்கித் தர்றனுங்க, நானாச்சு" என்பீர்கள். சொன்னபடியே 49,600 வரும். சொன்ன சொல் தவறாதவர் நீங்கள்.

இது பாத்திர ஊர். பித்தளைக் குடமோ தவலையோ, தராசில் வைத்து எடை பார்த்துத்தான் இங்கே விலை சொல்வார்கள். எடையே இல்லாத சரக்குக்கும் விலை உண்டு, அதுவும் அரசாங்கமே கொடுக்கும் என்று இந்த ஊருக்குக் காட்டியவர் நீங்கள்தான்.

எட்டாயிரத்துக்கு மேல் வந்த அந்தக் கூடுதல் 41,600 எப்படி வந்தது? தம்பியின் வீட்டைத் தம்பியைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள். காலையில் எழுந்து கோலம் போட்டு, ரேஷன் கடைக்கு நடந்து போய் வருகிற அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய் என்று உங்களுக்குத்தான் தெரிந்தது. மூத்த குடிமகளின் சிகிச்சைச் செலவு என 1 லட்சம். தேர்தல் நேரத்தில் ஒரு துண்டுகூட வாங்காத தம்பி, ஏதோ ஒரு கட்சிக்கு நன்கொடையாக இன்னொரு லட்சம் கொடுத்ததையும் நீங்களே கண்டுபிடித்தீர்கள். 2 லட்சத்துக்கு 20 சதம் வரி, அதன்மேல் 4 சதம் செஸ்: 41,600 ரூபாய். கணக்கில் பைசா பிசகவில்லை. புற்றுநோய் வந்த தாயை வைத்துக்கொண்டு, பில்லும் மருத்துவர் சான்றும் தேடி அலைகிறவர்கள் இதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் கொடுத்த கழிவை அலைச்சல் இல்லாமல் தம்பிக்கு வாங்கித் தரும் திறமை உங்களிடம் மட்டுமே உண்டு.

உங்கள் அடக்கத்தையும் சொல்ல வேண்டும். செய்த வேலையில் உங்கள் பெயர் எங்கும் இருக்காது. ரிட்டர்ன் தம்பியின் பெயரில். உறுதிமொழி தம்பியுடையது. "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்று போனில் கேட்டு வாங்குவீர்களே, அந்த ஆறு இலக்கம்தான் அவருடைய கையெழுத்து. அவருக்குத் தொந்தரவு கூடாது என்று மின்னஞ்சலைக்கூட நீங்களே புதிதாகத் திறந்து கொடுத்துவிடுகிறீர்கள். வரித்துறை அனுப்பும் நோட்டீஸ் அதற்குத்தான் போகும். சீசன் முடிந்ததும் அதை யாரும் திறப்பதில்லை. அதனால் தம்பியின் தூக்கம் கெடுவதில்லை, கொஞ்ச காலத்துக்கு.

உங்கள் புகழ் டெல்லி வரை போயிருக்கிறது. 2025 ஜூலை 14 அன்று நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. மகாராஷ்டிரம், குஜராத்தோடு தமிழ்நாட்டின் பெயரும் அதுபற்றித் துறை வெளியிட்ட அறிக்கையில் இருந்தது. கமிஷனுக்காகப் பொய்க் கழிவு காட்டுவதையும், மொத்தமாக ரிட்டர்ன் போடத் தற்காலிக மின்னஞ்சல் திறந்து கைவிடுவதையும் விவரமாகவே எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் அதில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலானது உங்கள் பெருந்தன்மை. 49,600-இல் பத்துக்கு ஒன்று என்றாலும் 4,960 ரூபாய் உங்கள் பங்கு. ஆனால் தவறான விவரம் கொடுத்ததற்கான அபராதம், தப்பிய வரியைப் போல் இரண்டு மடங்கு. வரி 41,600, அபராதம் 83,200. சேர்த்தால் 1,24,800. வட்டி தனி. இதில் ஒரு ரூபாய்கூட உங்களுக்குப் பங்காக வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள்! முழுவதையும் தம்பியே வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பணம் ஏறினால் முதலில் அதைத் தொடாதீர்கள். எல்லாக் கூடுதலும் பொய் அல்ல. ரீபண்டுக்கு மாதம் அரை சதம் வட்டி சேர்ந்திருக்கலாம். அந்த வட்டியை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டும். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற அண்ணனுக்கு பில்லில் 1 சதம் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள்; லாபம் குறைவென்றால் அவருக்குப் பெரிய தொகை திரும்புவது நியாயம்தான். அதனால் வரித்துறை இணையதளத்தில் நீங்களே நுழைந்து, உங்கள் பெயரில் போன ரிட்டர்னை வரி வரியாகப் படியுங்கள். 26ஏஎஸ் படிவத்தோடு ஒத்துப் பாருங்கள். மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் உங்களுடையதாக மாற்றுங்கள். கொடுக்காத நன்கொடையோ, அம்மாவுக்கு இல்லாத நோயோ அங்கே இருந்தால், திருத்த ரிட்டர்னுக்குக் கெடு இருக்கும்போதே திருத்திவிடுங்கள். கெடு தாண்டியிருந்தால் புதுப்பித்த ரிட்டர்ன் உண்டு: மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் வரி, வட்டிக்கு மேல் 25 சதம், அடுத்த ஆண்டில் 50, பிறகு 60, 70. தாமதிக்கத் தாமதிக்கக் கூடும். ஒரு நல்ல ஆடிட்டரிடம் ஃபீஸ் கொடுத்துக் கேளுங்கள்.

பெருந்தகையே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தம்பியிடம் வாங்கிய அந்த 4,960 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அபராதம் கட்ட அவருக்குத் தேவைப்படும்.