பயனருக்கே முதல் மரியாதை
பயனரை முன்னிறுத்தினால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது கூகுளின் கொள்கை. சொன்னபடியே முன்னிறுத்திவிட்டார்கள், விளம்பரதாரர் முன்னால். இதைக் குறை சொல்பவர்களுக்குப் பயனரின் தேவை என்னவென்றே தெரியவில்லை. எது விளம்பரம், எது விடை என்று பிரித்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய சுமை! அந்தச் சுமையைப் படிப்படியாக இறக்கிவைத்தார்கள். முதலில் விளம்பரத்துக்குத் தனி நிறப் பின்னணி இருந்தது. அது போய் மஞ்சள் பட்டை வந்தது, பிறகு பச்சை. 2020இல் கணினித் திரையில் வெறும் கறுப்பு எழுத்து. கண்ணுக்கும் இதம், கல்லாவுக்கும் இதம்.

தப்பான பதில் வருகிறதே என்பார்கள். 2024 மே மாதம் கூகுளின் செயற்கை நுண்ணறிவு, பீட்சாவில் சீஸ் வழுக்காமலிருக்கப் பசை சேர்க்கச் சொன்னது உண்மைதான். கேட்டவருக்கு வேண்டியது சீஸ் ஒட்டுவது. பசை போட்டால் ஒட்டாது என்று இதுவரை யாராவது நிரூபித்தார்களா? அவ்வளவு நல்ல சரக்கென்றால் ஐபோனில் முதலிடம் பிடிக்க 2022இல் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். பயனர் வேறெதையாவது தேர்ந்தெடுத்து அவதிப்படக் கூடாதே என்ற தாயுள்ளம்தான், வேறென்ன?

விளம்பரத்தில் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998இலேயே ஸ்டான்போர்டு மாணவர்கள் இருவர் ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்தார்களாம். உலகம் தெரியாத பிள்ளைகள், பாவம். பெயர் லாரி பேஜ், செர்கே பிரின். 2000இல் விளம்பரம் விற்கத் தொடங்கித் திருந்திவிட்டார்கள்.