குத்தகையோ, அறுதியோ?

வாரும் தம்பி, இரும். வெள்ளவத்தை முழுக்க உம்மட கதைதான். பல்கலைக்கழகத்தில ஏதோ கண்டுபிடிச்சிட்டீராம், கொம்பனிக்காரர் கார் அனுப்பிக் கூப்பிட்டவையாம். உம்மட அம்மா நேற்று மீன் வாங்கேக்கையே சொல்லிப் போட்டா. இனி எங்களுக்குள்ள என்ன ஒளிமறைவு? அந்தக் கடதாசியை இஞ்சால தாரும்.

அப்பாடி, 52 பக்கம், எல்லாம் இங்கிலீசு! எனக்கு ஒரு சொல் காணும். இது குத்தகையோ, அறுதியோ?

முழிக்காதையும். குத்தகை எண்டால் காணி என்ர, விளைச்சல் அவன்ர. தவணை முடிய வேலிக் கதியாலை எண்ணிப் பாத்துத் திருப்பி எடுப்பன். அறுதி எண்டால், நொத்தாரிசுக்கு முன்னால கையெழுத்து வைச்ச கையோட, நான் வெட்டின கிணத்தில தண்ணி அள்ளவும் அவனைத்தான் கேக்கவேணும். லைசன்ஸ் எண்டு நீங்கள் சொல்லுறது குத்தகை. அசைன்மென்ட் எண்டால் அறுதி. இதில எது எண்டு உமக்குத் தெரியாதே? அதுசரி, கலாநிதிப் பட்டத்துக்கு இதெல்லாம் கேக்கிறேல்லைத்தானே.

ஹோமாகமவில ஸ்லிண்டெக் இருக்கெல்லோ, 2008 இல அரசாங்கமும் கொம்பனியளும் சேந்து தொடங்கின நனோ நிறுவனம். அங்க ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நில்வலா கொட்டேகொடவும் கூட்டாளிமாரும் ஒரு உரம் செய்தவை. எங்கட எலும்பில இருக்கிற கல்சியம் பொஸ்பேற்றைப் பொடியிலும் பொடியாக்கி, அதில யூரியாவை ஒட்டவைச்சது. 6 பங்கு யூரியாவுக்கு 1 பங்கு. சும்மா யூரியா தேத்தண்ணியில போட்ட சீனி. கரைஞ்சு மழையோட வாய்க்காலுக்குப் போயிடும். இது 12 மடங்கு ஆறுதலாக் கரையும். அரைவாசி யூரியாவோட நெல்லு விளைஞ்சது. 2017 இல பெரிய அமெரிக்கச் சஞ்சிகையிலயும் வந்தது. பேட்டன்ட்? அது ஐதராபாத் நாகார்ஜுனா உரக் கொம்பனிக்குக் கைமாறிப் போச்சுது.

பேந்து 2021. ரசாயன உரத்துக்குத் தடை. கமக்காரர் தலையில கைவைக்க, ஐப்பசியில இந்தியாவில இருந்து நனோ யூரியா பிளேனில வந்திறங்கினது, 1 லட்சம் லீற்றர். அது இஃப்கோ உர நிறுவனத்தின்ர தண்ணிச் சரக்கு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை எண்டு நீர் சொல்லுவீர். தெரியும். எண்டாலும் எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, பாவம்.

ஸ்டான்போர்ட்காரர் எங்களை மாதிரி அப்பாவியள் இல்லை. கூகிளின்ர தேடல் பேட்டன்ட் பல்கலைக்கழகத்தின்ர பேரிலதான் இருந்தது. குத்தகைக்குக் குடுத்து, கொம்பனியில பங்கு வாங்கி, 2005 இல வித்து முடியேக்கை 33 கோடியே 60 லட்சம் டொலர்.

தனிக்குத்தகைதான் வேணும் எண்டு நிக்கினமோ? குடும். ஆனா பயிர் செய்யாட்டித் திருப்பி எடுப்பன் எண்டு எழுதும். ஊரில ஒருத்தன் என்ர காணியை எடுத்தவன், ஒரு வெங்காயம் நடேல்லை. வருசா வருசம் காசு மட்டும் நேரத்துக்கு வரும். நானும், நல்ல மனிசன் எண்டு சந்தோசமாக் கள்ளுக் குடிச்சுக்கொண்டு திரிஞ்சன். 6 வருசத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது: பக்கத்துக் காணி அவன்ர. என்ர வெங்காயம் சந்தைக்கு வராமல் இருக்கத்தான் அந்தக் காசு. பேட்டன்டுக்கு மொத்த ஆயுளே 20 வருசம். கொம்பனி 10 வருசம் லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினால், நீர் உம்மட கண்டுபிடிப்புக்கு வருசா வருசம் திவசம் செய்யலாம். ஐயரை நான் பிடிச்சுத் தாறன்.

சரி, தேத்தண்ணியைக் குடியும், ஆறுது. இன்னும் கையெழுத்து வைக்கேல்லை எண்டுதானே சொன்னனீர்?

போகேக்கை கார் வந்தது. திரும்பி வரேக்கை?

100 ஆம் நம்பர் பஸ்ஸிலயோ?

அப்ப வைச்சிட்டீர்.