டீம் என்றால் பிள்ளைகுட்டி!

கேள்வி: எங்கள் ஹட்டி கிரிக்கெட் டீமில் எல்லோரும் பங்காளிகள். ‘டீம் என்ற சொல்லுக்கே ஆதியில் பிள்ளைகள் என்றுதான் அர்த்தம்’ என்கிறார் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர். நிஜமா, எங்களைக் கிண்டல் செய்கிறாரா?
– கல்லூரி மாணவர், கேத்தி

பதில்: நிஜம்தான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் பிள்ளை பெறுவதைக் குறித்தது. பெற்ற பிள்ளைகளையும், அவர்கள் வழியாக வரும் சந்ததியையும் குறித்தது. ஏரிலோ வண்டியிலோ சேர்த்துப் பூட்டிய மாடுகளுக்கும் அதே பெயர்தான். சேர்ந்து வேலை பார்க்கும் மனிதர்களுக்கு அது 16-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. மட்டையும் பந்தும் பிடித்தவர்களுக்கு இன்னும் பிறகு.

உங்கள் ஊரில் விசேஷம் என்னவென்றால், படகர்களின் ஊரான ஹட்டி ஒன்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கால்வழி. அதனால்தான் ஹட்டிக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. லண்டனில் என்றோ மறந்துபோன பொருள் கேத்தி மைதானத்தில் இன்றும் டாஸ் போட இறங்குகிறது. பேராசிரியருக்கு என் வணக்கம்.

கேள்வி: அது சரி, பெற்ற பிள்ளைக்கும் பூட்டிய மாட்டுக்கும் என்ன சம்பந்தம்?
– எல்லநள்ளி

பதில்: ‘இழு’ என்பதுதான் இரண்டுக்கும் வேர். இழுத்துக்கொண்டு போகும் கயிறு, கயிற்றில் கோத்த வரிசை, ஒன்றன்பின் ஒன்றாக வரும் தலைமுறை என்று பொருள் நீண்டது. இதன் உடன்பிறப்பான டச்சுச் சொல் ‘டோம்’ குதிரையின் கடிவாளத்தையும் குறிக்கும், கோழிக் கூட்டத்தையும் குறிக்கும். ஜெர்மனில் குஞ்சுகள் போய்க் கடிவாளம் மட்டும் மிஞ்சியது.

நமக்கும் இது புதிதல்ல. கால்வழி, கொடிவழி என்று சந்ததியை நீண்டு போகிற ஒன்றாகத்தான் நாமும் பார்த்தோம். மாட்டுச் சந்தையில் ‘இது ரெண்டாம் ஈத்து’ என்பார்களே, அந்த ஈத்துக்கு ‘ஈனுதல்’ எப்படியோ, அப்படித்தான் ஆங்கில ‘டீம்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு ‘பெறுதல்’ என்ற பொருளில் ஒரு வினைச்சொல் கூடவே இருந்தது. இரண்டு ‘இ’ போட்டு எழுதும் அந்த வினை, இன்று ஆங்கிலத்தில் ‘மொய்த்துக் கிடக்கிறது’ என்று சொல்லப் பயன்படுகிறது. ஹட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னட ஹட்டியும் தமிழ்ப் பட்டியும் ஒரே சொல். இரண்டும் மாட்டுத் தொழுவத்தையும் குறிக்கும், மனிதர் வாழும் ஊரையும் குறிக்கும். மாடு வளர்த்தவர்கள் தங்களையும் மாட்டையும் தனித்தனிச் சொல்லில் வைக்கவில்லை.

கேள்வி: தமிழில் டீமை ‘அணி’ என்கிறோமே, பொருத்தமா?
– குன்னூர்

பதில்: விளையாட்டுக்குப் பொருத்தம். ஆனால் அணி என்பது வரிசை, படை வகுப்பு. அதில் ரத்த உறவு இல்லை. உறவும் கூட்டமும் ஒன்றாக இருக்கும் சொல் வேண்டுமென்றால் ‘கிளை’ இருக்கிறது. கிளைஞர் என்றால் சொந்தக்காரர். இன்று அந்தச் சொல்லை வங்கிக்கும் கட்சிக்கும் கொடுத்துவிட்டோம்.

கேள்வி: கேத்தியில் அச்சேறிய வம்சாவளி ஏதாவது உண்டா?
– அரவங்காடு

பதில்: ஒன்று உண்டு, ஆனால் கேத்திக்காரர்களுடையது அல்ல. ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர் கேத்தியில் குடியிருந்து படகப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். அவர் ஆதரவில் 1846-இல் பாசல் மிஷன் பாதிரிமார் அங்கே வந்தார்கள். அவர்கள் படகு மொழியில் பெயர்த்த லூக்கா சுவிசேஷம் 1852-இல் கன்னட எழுத்தில் மங்களூரில் அச்சானது. அதன் மூன்றாம் அதிகாரம் இயேசுவிலிருந்து ஆதாம் வரை மகன், தகப்பன், பாட்டன் என்று எழுபதுக்கு மேற்பட்ட பெயர்களாகப் பின்னோக்கிப் போகும். படகு மொழி அச்சில் ஏறிய தொடக்கத்திலேயே இப்படி நீளமான ஒரு கொடிவழி கூடவே ஏறியிருக்கிறது.

கேள்வி: பிள்ளைகள் என்ற பழைய பொருள் ஆங்கிலேயரின் சட்டத்தில் எங்காவது தங்கியதா?
– வழக்கறிஞர், ஊட்டி

பதில்: தங்கியது, தங்கிய விதம் மனதை வருத்துகிறது. 11-ஆம் நூற்றாண்டு அரச சாசனங்களில், பிரபுக்களுக்கு வழங்கும் உரிமைகளின் பட்டியலில் ‘டோலும் டீமும்’ என்று ஒரு ஜோடி வரும். டோல் என்றால் சுங்கம். டீம் அங்கே ஒரு விசாரணை முறை. ‘உன்னிடம் இருப்பது திருட்டு மாடு’ என்று ஒருவர்மேல் புகார் வந்தால், விற்றவரை அவர் காட்ட வேண்டும். அந்த ஆள் தனக்கு விற்றவரைக் காட்ட வேண்டும். மாட்டுக்கும் ஒரு கால்வழி தேடுகிற ஏற்பாடு.

பின்னால் வந்த சட்ட அகராதிக்காரர்களுக்கு இந்த வழக்கம் மறந்துபோயிற்று. சொல்லின் ‘சந்ததி’ என்ற பொருள் மட்டும் நினைவில் இருந்தது. ஆகவே, ‘பண்ணையடிமைகளின் பிள்ளைகள் மொத்தமும் பிரபுவுக்குச் சொந்தம், டீம் உரிமை என்பது இதுதான்’ என்று விளக்கம் எழுதிவைத்தார்கள். விளக்கம் பிசகு. அது சொன்ன நிலைமை பிசகல்ல, அடிமையின் பிள்ளை அடிமையாகத்தான் பிறந்தது.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் டீம் எல்லாம் கிடையாது, கங்காணி ஆள் என்றுதான் பெயர். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– கூடலூர்

பதில்: மிகவும் உண்டு. இந்தப் பக்கத்தில் நான் அதிகம் எழுத நினைத்ததே இதைப் பற்றித்தான். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் பிடித்தது பெரும்பாலும் தன் ஊரிலும் தன் உறவிலும்தான். மாமன், மச்சான், தம்பி, அவன் பெண்டாட்டி என்று கூட்டிப் போனார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்ற கூட்டம் ஒரு குடும்பமாகவும் இருந்தது, ஒரு வேலைக் குழுவாகவும் இருந்தது. ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளும் அங்கே ஒரே வரிசையில் நின்றன. கங்காணிக்குக் கடன்பட்டதும் அந்த ஒரே குடும்பம்தான். அப்பனின் கடன் பிள்ளையின் தலையிலும் ஏறியது.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். குடியுரிமை இல்லாமல் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்த மீதியை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பிள்ளைகள்? எண்ணிக்கைக்குப் பக்கத்தில், இயற்கையான பெருக்கமும் இதில் சேர்த்தி என்று ஒரு தொடர் இருக்கிறது. உங்கள் அப்பா, அத்தை, சித்தப்பா என்று அதற்குப் பிறகு பிறந்தவர்கள் எல்லோரும் அந்தத் தொடருக்குள் அடக்கம். எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அங்கே கொழுந்து பறித்தவர்களை நான் ‘பெருக்கம்’ என்று எழுத மாட்டேன். தாத்தாவின் ஊர், தோட்டம், கங்காணியின் பெயர் மூன்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் கொடிவழி.

கேள்வி: நான் கேரட் போடுகிறவன். விதைக்காரர்கள் ‘நல்ல ஸ்ட்ரெய்ன்’ என்கிறார்களே, அதுவும் பிள்ளைதானா?
– கேத்தி பாலாடா

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். அதுவும் பழைய ஆங்கிலம். சம்பாதித்தது, பெற்றது இரண்டுக்கும் ஒரே சொல். நாம் ‘பேறு’ என்று செல்வத்துக்கும் மகப்பேற்றுக்கும் சேர்த்துச் சொல்லவில்லையா? களைப்பைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெய்ன்’ பிரெஞ்சு வழி வந்த வேறு சொல். விடியுமுன் கேரட் பிடுங்கி, கழுவும் மெஷினில் கொட்டி, மேட்டுப்பாளையம் லோடு ஏற்றி முடிக்கும்போது உங்களுக்கு வருவது அந்த இரண்டாவது. தேயிலைத் தோட்டத்தில் ‘அஸ்ஸாம் ஜாட்’, ‘சைனா ஜாட்’ என்பார்கள். அது நம் ‘ஜாதி’தான், பிறப்பு என்ற பொருளில்.

கேள்வி: பங்காளிகள் டீம் என்று புளகாங்கிதப்படுகிறார்களே, அந்த ஹட்டிக்கு வாழ வந்த எங்களுக்கு டீமில் இடம் எங்கே?
– இல்லத்தரசி, கேத்தி

பதில்: முதல் இடம். அந்தச் சொல்லின் பழைய பொருள்களில் ‘பிள்ளை பெறுதல்’ ஒன்று என்று மேலே சொன்னேன். அது ஆண்கள் செய்த வேலை அல்ல. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி பேரகணியில் ஊரே வெள்ளை உடுத்திக் கும்பிடுவதும் ஹெத்தை என்னும் ஒரு பாட்டியைத்தான். ஆண்கள் டீம் ஒரு ஹட்டியில் அடங்கிவிடும். நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஹட்டியிலிருந்து வந்தவர்கள். மருமகள்கள் சேர்ந்தால் பத்து ஹட்டிகள் ஒரே டீமில் நிற்கும். அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது ‘பெண்கள் பிரிவு’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கமிட்டியிடம் இந்த வாரமே கேளுங்கள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.