பெரும்புள்ளிகள்

கலைஞனை மதிக்கத் தெரியாத அரசுகள் உலகத்தில் நிறைய உண்டு. அவையெல்லாம் ஆஸ்திரேலியாவிடம் டியூஷன் போகலாம்.

1966 பிப்ரவரியில் அந்த நாடு பவுண்டைக் கைவிட்டு டாலருக்கு மாறியது. புதிய ஒரு டாலர் நோட்டின் ஒரு பக்கம் மகாராணி. மறுபக்கம், வடக்கே ஆர்னெம் லாந்தைச் சேர்ந்த டேவிட் மலாங்கி மரப்பட்டையில் தீட்டிய ஓவியம். குர்மிரிங்கு என்ற ஆதி வேட்டைக்காரனுக்கு நடக்கும் ஈமச்சடங்கு அது. நோட்டில் போடலாமா என்று மலாங்கியிடம் யாரும் கேட்கவில்லை. வரைந்தவர் எப்போதோ செத்துப்போன, பெயர் தெரியாத யாரோ ஒருவராக இருப்பார் என்று வங்கியில் நினைத்துக்கொண்டார்களாம். பூர்வகுடி ஓவியன் என்றால் செத்துத்தானே இருக்க வேண்டும்? அந்தச் செத்துப்போனவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் ரிசர்வ் வங்கி பரிகாரம் செய்தது. ஆயிரம் டாலர், ஒரு வெள்ளிப் பதக்கம், மீன்பிடிச் சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டி. நாட்டுக்கே நோட்டு அச்சடிக்கிற அலுவலகம் அது. கைக்கெட்டும் தூரத்தில் அவருடைய ஓவியமே கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அங்கேயிருந்து அவருக்குப் போனது தூண்டில். பிழைக்க வழி காட்டினார்கள் போலிருக்கிறது.

இதில் இன்னொரு நயம் உண்டு. அந்த நோட்டு புழக்கத்துக்கு வந்த நாளில் ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 127-ஆவது பிரிவு உயிரோடு இருந்தது. நாட்டு மக்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது அந்தப் பிரிவு. 1967-இல் நடந்த வாக்கெடுப்புதான் அதை ஒழித்தது. ஆக, நோட்டை எண்ணினால் மலாங்கி கணக்கில் வருவார். ஆளை எண்ணினால் வரமாட்டார்.

இது ஏதோ ஒரு குமாஸ்தாவின் கவனக்குறைவு என்று நினைத்தால், அந்த நாட்டின் நிர்வாகத் திறமையைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால், வரைந்தவனை ஏறெடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது. கொண்டாட்டமே கடனிலிருந்து தப்பும் வழி. இந்த நுட்பத்தை அவர்கள் அதற்கு முன்பே ஒரு மனிதரிடம் பழகிப் பார்த்திருந்தார்கள்.

ஆல்பர்ட் நமட்ஜிரா, மத்திய ஆஸ்திரேலியாவின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த அரெர்ன்டே இனத்தவர். பாலைவனத்து மலைகளையும் வெளிறிய யூகலிப்டஸ் மரங்களையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். நகரத்து வீடுகளின் வரவேற்பறைகள் அவருடைய ஓவிய நகல்களால் நிறைந்தன. 1954-இல் கான்பராவில் எலிசபெத் மகாராணிக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தார்கள். அவர் மேய்ச்சலுக்கு நிலம் கேட்டார், மறுத்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார், அதையும் மறுத்தார்கள். அரசு வருமான வரி கேட்டது. அவர் மறுக்கவில்லை.

வடக்குப் பிராந்தியத்துப் பூர்வகுடிகள் ஏறக்குறைய எல்லோரையும் அன்றைய சட்டம் அரசின் பராமரிப்பில் உள்ள மைனர்களாகவே வைத்திருந்தது. பேரன் பேத்தி எடுத்தவரும் மைனர்தான். அந்தப் பட்டியலிலிருந்து 1957-இல் நமட்ஜிராவுக்கும் அவர் மனைவிக்கும் விலக்குக் கொடுத்தார்கள். இந்த நாடு எப்படி இருக்கும் என்று அந்த நாட்டுக்காரர்களுக்கே வரைந்து காட்டியவருக்கு, ஐம்பது வயதைத் தாண்டியபின் குடியுரிமை! பந்தி முடிந்தபின் வீட்டுக்காரனையே கூப்பிட்டு இலை போட்டார்கள்.

அந்த இலையிலும் ஒரு பொறி இருந்தது. அவர் மது வாங்கலாம். ஆனால் சொந்தபந்தங்கள் இன்னும் மைனர்கள்; அவர்களுக்கு ஒரு மிடறு கொடுத்தாலும் குற்றம். கையில் இருப்பதை உறவோடு பங்கிட்டுக்கொள்வதுதான் அவர் வளர்ந்த தர்மம். 1958-இல் வழக்குப் போட்டார்கள். ஆறு மாதத் தண்டனை, மேல்முறையீட்டில் மூன்று மாதமாகக் குறைந்தது. பப்புன்யா என்ற அரசுக் குடியிருப்பில் இரண்டு மாதம் காவலில் இருந்தார். வெளியே வந்து சில மாதங்களில், 1959 ஆகஸ்டில், செத்துப்போனார்.

செத்தபிறகாவது விட்டார்களா? 1983-இல் அவருடைய ஓவியங்களின் பதிப்புரிமையை, குடும்பத்தைக் கேட்காமலே, அரசின் பொது அறங்காவலர் ஒரு பதிப்பகத்துக்கு விற்றார். விலை 8,500 டாலர். தாத்தாவின் ஓவியத்தில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காசு உரிமை இல்லாமல் போயிற்று. முப்பத்துநான்கு ஆண்டு கழித்து, 2017-இல்தான் அந்த உரிமை குடும்பத்துக்கான அறக்கட்டளைக்குத் திரும்பியது. அப்போது காகிதத்தில் எழுதிக்கொண்ட விலை ஒரு டாலர். அறங்காவலர் என்ற சொல்லில் அறமும் இருக்கிறது, காவலும் இருக்கிறது. அந்த அலுவலகத்தில்தான் இரண்டும் இல்லை.

அவரைக் காவலில் வைத்த பப்புன்யாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டர். பாலைவனத்தில் பரந்து வாழ்ந்த பின்டுபி, லுரிட்ஜா, வார்ல்பிரி, அரெர்ன்டே மக்களை ஒரே இடத்தில் சேர்த்து அடைத்து, மனிதர்களாக்குவதற்காக அரசு ஏற்படுத்திய குடியிருப்பு. அவர்களோ தங்கள் சடங்குகளில் மணலிலும் உடம்பிலும் வரைகிறவர்கள். சடங்கு முடிந்தால் கோலம் கலைந்துவிடும். எந்த மூதாதை எந்த வழியாக நடந்தார், எங்கே ஊற்று இருக்கிறது, எந்த நிலத்துக்கு யார் பொறுப்பு எல்லாம் அந்தக் கோடுகளிலும் வட்டங்களிலும் இருக்கும். பட்டாவும் அதுவே, வேதமும் அதுவே.

1971-இல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் கொடுத்த ஊக்கத்தில், பப்புன்யாப் பெரியவர்கள் பள்ளிக்கூடச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். பிறகு கையில் கிடைத்ததிலெல்லாம் வரைந்தார்கள்: உடைந்த அட்டைப் பலகை, பழப்பெட்டிச் சட்டம், லினோலியத் துண்டு. 1972-இல் பப்புன்யா துலா என்று தங்களுக்குச் சொந்தமான ஒரு கம்பெனியையும் அமைத்துக்கொண்டார்கள். உலகம் இன்று ஆஸ்திரேலிய ஓவியம் என்று சொல்லும் புள்ளி ஓவியங்கள் அங்கிருந்துதான் புறப்பட்டன. பள்ளிச் சுவர் என்ன ஆயிற்று? சில ஆண்டுகளில் மேலே பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள். அந்தச் சுவர் இன்றைக்கு இருந்திருந்தால் பெயர்த்தெடுத்து ஏலத்தில் விட்டிருப்பார்கள். பெயின்ட் அடித்த புண்ணியவான் நல்லதுதான் செய்திருக்கிறார்.

சுவர் தப்பியது, பலகைகள் மாட்டின. ஜானி வரங்குலா ஜுப்புருல்லா 1972-இல் களிபின்ப்பா என்ற இடத்தின் மழைக் கதையை வரைந்தார். கிடைத்தது 150 டாலர். 1997-இல் அந்தப் பலகை ஏலத்தில் 2,06,000 டாலருக்குப் போயிற்று. மூன்றே ஆண்டில் அதே பலகை 4,86,500 டாலர். வரைந்தவர் அப்போது உயிரோடுதான் இருந்தார், ஏழையாகத்தான் இருந்தார். சுத்தியல் தட்டிய அந்தத் தொகையில் அவருக்கு ஒரு சென்ட் கொடுக்க வேண்டும் என்றுகூட அப்போது சட்டம் இல்லை. மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவீதம் என்று சட்டம் வந்து அமலானது 2010-இல். அவர் அதற்குள், 2001-இலேயே, போய்ச் சேர்ந்துவிட்டார்.

கிளிஃபர்ட் பாஸம் ஜாபல்ஜாரியின் ‘வார்லுகுலாங்’ இன்னும் ருசியான கதை. 1977-இல் தீட்டிய, மூன்று மீட்டருக்கு மேல் நீளமான கேன்வாஸ். 1,200 டாலருக்கு ஒரு வங்கி வாங்கி, தன் பயிற்சிக் கல்லூரியின் கேன்டீனில் மாட்டியது. ஓவியத்தின் கதை ஒரு பெருநெருப்பு. நீலநாக்குப் பல்லி என்ற மூதாதை மூட்டிய நெருப்பு அது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் வேட்டையாடிய கங்காருவைத் தகப்பனுக்குப் பங்கு வைக்காமல் தின்றுவிட்டார்கள், அதற்குத் தண்டனை. ஓவியத்தின் ஓரத்தில் இரண்டு எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. பங்கு கொடுக்காமல் தின்றவனுக்கு என்ன நேரும் என்று சொல்லும் படத்தின் கீழே உட்கார்ந்து, வங்கி ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

1996-இல் ஒரு வியாபாரி அதை 40,000 டாலருக்கும் குறைவாக வாங்கினார். 2007 ஜூலையில் தேசிய கலைக்கூடம் அதை 24 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. பாஸம் இறந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. அவருக்கு ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா விருது கொடுக்கக் குறித்திருந்த நாளும் அவர் இறந்த நாளும் ஒன்று. மரியாதை செய்வதில் அந்த நாட்டின் நேரம் தவறாமையைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

அந்த 2007-ஐ அவ்வளவு சுலபமாகக் கடந்துவிடக் கூடாது. ஏலத்துக்கு முந்தைய மாதம்தான் பூர்வகுடிக் கலை வணிகம் பற்றி செனட் குழு அறிக்கை கொடுத்தது. ஓவியர்களை அறைகளில் உட்கார்த்தி வைத்து வரையச் செய்து, கூலியாகச் சாராயத்தையும் ஓட்டைக் காரையும் தள்ளிவிடும் வியாபாரிகளைப் பற்றி அந்தக் குழுவிடம் சாட்சியம் சொன்னார்கள். அதே ஜூனில் அரசு துள்ளி எழுந்தது. வியாபாரிகள் மேல் பாயவில்லை. வடக்குப் பிராந்தியத்தில் 73 பூர்வகுடி ஊர்களைக் குறித்து அவசரநிலை நடவடிக்கை அறிவித்தது. ராணுவம் போயிற்று. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் அவர்கள் விஷயத்தில் செல்லாது என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. உதவித்தொகையில் பாதியை அரசே பிடித்துக்கொண்டு, இதற்குத்தான் செலவழிக்கலாம் என்றது. இந்த மக்களுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாதாம்! 1,200 டாலர் சரக்கை 24 லட்சத்துக்குக் கைமாற்றிக் கையாளத் தெரிந்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பெரிய ஓவியங்களின் கதி இது என்றால், கைவினைப் பொருளின் கதியைக் கேட்கவே வேண்டாம். உலுரு பாறைப் பக்கத்து அனங்கு மக்கள் ஆற்றோர மரங்களின் வேரைத் தோண்டி எடுத்துச் செதுக்குவார்கள். வேலிக்கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மரத்தில் ஒவ்வொரு கோடாகச் சுட்டு எழுதுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும், கை காய்ப்புக் காய்க்கும். இவ்வளவு சிரமம் எதற்கு என்று நினைத்த புத்திசாலிகள் இந்தோனேசியாவில் ஆர்டர் கொடுத்தார்கள். பிருபி ஆர்ட் என்ற கம்பெனி, அங்கே செய்த பூமராங்குகளையும் டிட்ஜரிடூ ஊதுகுழல்களையும் பூர்வகுடியின் கைவேலை போலத் தோன்றும்படி விற்றது. 2015 முதல் 2017 வரை 18,000-க்கு மேல். நீதிமன்றம் 2019-இல் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கம்பெனி அதற்குள் திவால். இதுவும் பழைய பாடம்தான். 1990-களில் பூர்வகுடி ஓவியர்களின் புனிதக் கதைகளைத் திருடி வியட்நாமில் கம்பளமாக நெய்து, கால் மிதிக்க விற்றார்கள். 1994-இல் 1,88,000 டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கம்பெனியும் நொடித்துப்போனது. அங்கே நீதி கிடைக்கும், பணம்தான் கிடைக்காது.

சரி, அந்த மக்களே சம்பாதித்தால் என்ன செய்வார்கள்? கிந்தோர் என்ற ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால். சிறுநீரகம் கெட்டவர்கள் ஊரையும் உறவையும் விட்டு நகரத்துக்கு வந்து, வாரம் மூன்று முறை மெஷினோடு படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெரியவர்கள் நிலத்துக்கு வெளியே செத்தார்கள். மெஷினை ஊருக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அரசிடம் காசு இல்லை. அது 2000-ஆம் ஆண்டு. சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாலைவனத்துப் பெண்களை மேடையேற்றிப் பூரித்துப்போனது இதே தேசம். இரண்டு மாதம் கழித்து அதே சிட்னியில், கிந்தோர் மக்களும் கிவிர்குரா என்ற இன்னொரு ஊர் மக்களும் கூட்டாக வரைந்த பெரிய கேன்வாஸ்களை ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004-இல் கிந்தோரில் டயாலிசிஸ் மெஷின் ஓடியது. பணத்தைக் கையாளத் தெரியாத அதே ஜனங்கள்தான் இதைச் செய்தார்கள். பணக்கார நாடு ஒன்றின் குடிமக்கள் தங்கள் மூதாதையின் கதையை விற்று, தங்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் அதையும் கலைச் சேவை என்றிருப்பார்கள்.

2022-இல் அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் இந்தச் சந்தையை ஆராய்ந்தது. நினைவுப்பொருள்களில் பெரும்பகுதி போலி என்று கண்டது. போலிப் பொருளில் இது போலி என்று கட்டாயம் லேபிள் ஒட்டச் சொல்லலாம் என்று பரிந்துரைத்தது. திருடன் சட்டையில் ‘திருடன்’ என்று எழுதிக்கொண்டு தெருவில் தாராளமாக நடக்கலாம்.

லேபிள் யோசனை மோசமில்லை. ஒட்ட வேண்டிய இடம்தான் வேறு. கலைக்கூடங்களில் ஒவ்வொரு ஓவியத்தின் பக்கத்திலும் ஒரு சிறு அட்டை இருக்கும்: பெயர், ஆண்டு, வண்ணம், நீள அகலம். இன்னும் மூன்று வரி சேருங்கள். முதலில் விற்ற விலை. கடைசியாக விற்ற விலை. அந்த வித்தியாசத்தில் வரைந்தவர் குடும்பத்துக்குப் போனது. வார்லுகுலாங்கிலிருந்து ஆரம்பிக்கலாம்: 1,200, 24 லட்சம், மூன்றாவது வரியைக் கலைக்கூடமே பூர்த்தி செய்யட்டும். விருந்தினராக வரும் அயல்நாட்டுத் தலைவர்களை அந்த அட்டைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுங்கள். அந்தப் புள்ளிகளை எங்கள் தேசத்தின் பெருமை என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. பெருமை உங்களுடையது என்றால் பாக்கியும் உங்களுடையதே.