‘செக்’ என்னும் சொல்லுக்குக் கைலிவழி உரை

குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் ‘செக்கு’ என்றால் மூன்று பேர் திரும்புவார்கள். எண்ணெய் வாங்க வந்தவர், பேங்குக்குப் போகிறவர், கைலி நெய்கிறவர். முதலாமவரின் செக்கு தமிழ். அவரை இவ்வாய்வு மரியாதையுடன் வழியனுப்புகிறது. ஒலியை மட்டும் நம்பிய ஆராய்ச்சியாளர்கள் செக்கையும் சிவலிங்கத்தையும் குழப்பிக்கொண்டது பழமொழி ஏறிய செய்தி.

மற்ற இரண்டும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். தகப்பன் பேர் ‘ஷா’; பாரசீகத்தில் அரசன். சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போன பிறகு, ராஜாவுக்கு ஆபத்து என்றால் ‘ஷா’ என்று எச்சரித்தார்கள். அந்தக் குரல் அரபு, பிரெஞ்சு என்று ஊர் சுற்றி இங்கிலாந்தில் கரையேறியபோது ‘செக்’ ஆகியிருந்தது. ராஜாவை மறித்த சொல் பிறகு எல்லாவற்றையும் மறித்தது, மறித்துச் சோதித்தது, இன்று செக்போஸ்ட்டில் நம் லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறது.

இனி கைலி. வாங்குகிறவர்கள் அதன் கட்டங்களையும் ‘செக்’ என்பார்கள்; அதுவும் சதுரங்கப் பலகையின் வழி வந்ததே. 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசின் வரவுசெலவைக் கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் காய் நகர்த்திக் கணக்கிட்டார்கள். அதனால் கஜானாவுக்கே சதுரங்கப் பலகையின் பெயர் ஒட்டி ‘எக்ஸ்செக்கர்’ ஆனது. மேசை 10 அடிக்கு 5 அடி. நம் கைலி 2 மீட்டர் நீளம், சுமார் 1.2 மீட்டர் அகலம். நீளவாக்கில் விரித்தால் மேசை பக்கவாட்டில் தெரியும். குறுக்கே மூன்று விரித்தால் மூடியதுபோக, மந்திரிகள் கை துடைக்கவும் மிஞ்சும். அவர்கள் கறுப்புத் துணி வாங்கிக் கோடு போட்டுக்கொண்டது குறிஞ்சிப்பாடிக்கு வழி தெரியாததால்தான் என்பது என் துணிபு.

பேங்க் செக்கின் கதை சிறிது. மோசடியைத் தடுக்கக் கிழித்து வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கே முதலில் அந்தப் பெயர். மோசடியைத் தடுக்க வந்த அதே தாள் பணமில்லாமல் திரும்பினால் என்ன செய்வதென்று சொல்ல, நம் நாட்டின் 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 138-ஆவது பிரிவைப் பிற்காலத்தில் சேர்க்க வேண்டியிருந்தது.

கள ஆய்வுக்காக, தறிக்குழியில் கால் தொங்கவிட்டிருந்த பெரியவர் ஒருவரை அணுகினேன்.

“செக்கெல்லாம் வாங்குறவங்க சொல்றது தம்பி. நமக்குக் கட்டம்தான். பாவுல கலர் கலரா ஓடும், ஊடையில நாடாவ மாத்தி மாத்திப் போடணும். ஒண்ணு தப்பினா கட்டம் கோணிடும்.”

“இப்போது தொழில் எப்படிங்க?”

“கட்டம் சரியில்ல.”

தறியில் இருந்த துணியைக் குனிந்து பார்த்தேன். எல்லாம் நேராகத்தான் இருந்தன.